உங்கள் ஊர்ப் பழைய தியேட்டரின் வரலாற்றைக் கட்டடத்திலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி

ஊரில் மூடிக் கிடக்கும் ஒரு தியேட்டரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது படங்களின் பட்டியல்தான். எம்.ஜி.ஆர். படத்துக்கு வந்த கூட்டம், சிவாஜி படம் ஓடிய நாள் கணக்கு, தீபாவளிக்கு முதல் ஷோ அடிதடி. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இதை மட்டும் எழுதி வைத்தால் அந்தத் தியேட்டருக்கும் பக்கத்து ஊர்த் தியேட்டருக்கும் வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் இரண்டிலும் ஓடியது அதே படங்கள்தான். ஒவ்வொரு தியேட்டருக்கும் தனியாக இருப்பது அதன் கட்டடம். அதைத்தான் யாரும் சரியாகப் பார்ப்பதில்லை, இடித்த பிறகு பார்க்கவும் முடியாது.

சினிமாக் கட்டடத்தில் ஒரு வசதி இருக்கிறது. படம் காட்டும் முறை மாறியபோதெல்லாம் அது சுவரை வெட்டி, துளை போட்டு, எதையாவது மறைத்துத் தன் தடயத்தை விட்டுப் போயிருக்கிறது. ஊமைப்படம் பேசும் படம் ஆனது, திரை அகலமானது, புரொஜக்டர் விளக்கில் கார்பன் குச்சி போய் செனான் பல்பு வந்தது, ரீல் போய் டிஜிட்டல் வந்தது. நம் ஊர் முதலாளிகள் பழையதை இடித்து எடுக்கச் செலவு செய்ததில்லை, அதன் மேலேயே புதியதை வைத்து மூடினார்கள். அதனால் பொறுமையாகப் பார்த்தால் எல்லா அடுக்கும் அங்கேயே இருக்கும். தமிழ்நாட்டில் இன்னும் மிச்சமிருக்கும் தனித் தியேட்டர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளே போக வேண்டுமே

தியேட்டர் முதலாளி வீட்டுக்குப் போய் "ஆய்வு", "பாரம்பரியக் கட்டடம்" என்றெல்லாம் ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். அவர்கள் பயம் நியாயமானது. பெரும்பாலான பழைய தியேட்டர்கள் இன்று பங்காளிகள் பலருக்குச் சொந்தமானவை, விற்பனைப் பேச்சோ வழக்கோ ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் எடுக்கும் போட்டோ எங்கே போய்ச் சேருமோ என்று அவர்களுக்குத் தெரியாது. "உங்க தாத்தா கட்டின தியேட்டரைப் பத்தி எழுதணும், இடத்தைப் பத்தி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன், எழுதினதை முதல்ல உங்களுக்குத்தான் காட்டுவேன்" என்று நேராகச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒருவர் சம்மதித்தாலும் மற்ற பங்காளிகளுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குள் தனியாகப் போகாதீர்கள். வாட்ச்மேனோ, பழைய ஊழியர் ஒருவரோ கூட வரட்டும், அவருக்குத்தான் எந்தப் படிக்கட்டு ஆடும் என்று தெரியும். புறா எச்சமும் வௌவால் எச்சமும் நுரையீரலுக்குக் கெடுதல், எனவே நல்ல முகக்கவசம் கட்டாயம். கூரையிலோ தடுப்பிலோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து கிடந்தால் அதைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம். பால்கனியின் மரத்தளத்தில் கால் வைக்கும் முன் கீழே நின்று அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். புரொஜக்டர் கேபினில் இன்னும் சில ஆபத்துகள் இருக்கின்றன, அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

கையில் வேண்டியவை: நல்ல டார்ச் இரண்டு, நீள டேப் ஒன்று (லேசர் மீட்டர் கிடைத்தால் வேலை பாதியாகும்), கட்டம் போட்ட நோட்டு, பென்சில், போன். அவ்வளவு போதும்.

வெளியே ஒரு சுற்று

உள்ளே ஓடாதீர்கள். கட்டடத்தை வெளியே முழுதாக ஒரு சுற்று சுற்றி வாருங்கள், முகப்பை விடப் பக்கச் சுவர்களும் பின்சுவரும்தான் அதிகம் பேசும். முகப்பைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை யாராவது மாற்றியிருப்பார்கள், பின்சுவருக்கு யாரும் பெயின்ட் கூட அடித்திருக்க மாட்டார்கள்.

பக்கச் சுவரில் ஜன்னல் இல்லாத இடத்தில் சன்ஷேடு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே ஒரு காலத்தில் ஜன்னல் இருந்தது, பிறகு செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வரிசையாகப் பெரிய ஜன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தால், காற்றோட்டத்தை நம்பிக் கட்டிய கட்டடம் அது. நாடகம் நடந்த கொட்டகையாகவோ, இரவுக் காட்சி மட்டும் ஓட்டிய இடமாகவோ இருந்திருக்கலாம். சுவரின் மேல்பகுதியில் வட்டமான துளைகள் இருந்தால் அவை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கானவை. அந்தத் துளைகளும் அடைக்கப்பட்டு, அருகில் சதுரமாகத் தகரக் குழாய் நுழைந்த அடையாளம் இருந்தால் ஏ.சி. வந்த காலத்தை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து எஞ்சின் ரூமைத் தேடுங்கள். வளாகத்தின் ஒரு மூலையில் தடித்த சுவரோடு சிறு அறை ஒன்று இருக்கும், தரையில் கான்கிரீட் மேடை, மேடையில் துருப்பிடித்த போல்ட்டுகள். தன் மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொண்ட தியேட்டரின் அடையாளம் இது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் உற்பத்தியைத் தொடங்கின. உங்கள் ஊருக்குக் கம்பி எப்போது வந்தது என்று மின்வாரியத்தின் பழைய ஆட்களிடம் கேட்டு வைத்துக்கொண்டால், தியேட்டர் அதற்கு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று யோசிக்க ஒரு பிடி கிடைக்கும். பின்னாளில் கரண்ட் வெட்டுக்காக வைத்த டீசல் ஜெனரேட்டர் மேடையும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

இப்போது முகப்பு. உருண்ட மூலைகள், புருவம் மாதிரி நீளமாக ஓடும் சன்ஷேடுகள், நடுவில் படிப்படியாக உயரும் கோபுரம் போன்ற அமைப்பு, செங்குத்தான கான்கிரீட் பட்டைகள், கப்பல் ஜன்னல் போன்ற வட்டத் துளைகள், உச்சியில் கொடிக்கம்பம். இது ஆர்ட் டெக்கோ பாணி. உலகம் முழுக்க 1930-களில் தியேட்டர் என்றாலே இந்தப் பாணிதான். சென்னையில் 1941-இல் திறந்த கேசினோ இந்தப் பாணிக்கு நம்மிடம் மிச்சமிருக்கும் நல்ல உதாரணம். ஆனால் சிற்றூர்களில் இதே முகப்பை 1960-கள் வரை கொத்தனார்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். எனவே முகப்பின் பாணியைப் பார்த்து வருடம் சொல்லாதீர்கள். பாணி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

முகப்பில் பெயர் எழுதிய இடத்தில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். பழைய தியேட்டர்களில் பெயரை சிமென்டில் புடைப்பாகச் செய்திருப்பார்கள், உரிமையாளர் மாறியபோது அதைச் செதுக்கி எடுத்துவிட்டு மேலே பூசியிருப்பார்கள். பகலில் ஒன்றும் தெரியாது. மாலை மங்கிய பிறகு ஏணி போட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேராக அடிக்கக் கூடாது. ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும்போது பூச்சின் மேடு பள்ளம் எல்லாம் நிழல் போடும், பல நேரம் பழைய எழுத்தின் வளைவுகள் அப்படியே எழும்பி வரும். ஒரே பக்கத்திலிருந்து அடிக்காமல் இடம், வலம், மேல் என்று மாற்றி மாற்றி அடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு படத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும். சென்னையிலேயே குளோப் பிறகு ராக்ஸி ஆனது, மினர்வா பிறகு பாட்சா ஆனது. பழைய பெயர் தெரியாமல் பழைய செய்தித்தாளைப் புரட்டினால் உங்கள் தியேட்டர் கண்ணில் படாமலே போய்விடும்.

ஆபரேட்டர் கேபின்: அதிக நேரம் இங்கேதான்

ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் கேபினைப் பாருங்கள். ரசிகர்கள் வராத இடம் என்பதால் அழகுபடுத்த யாரும் கை வைக்கவில்லை, சட்டப்படி தனியாக உறுதியாகக் கட்ட வேண்டிய இடம் என்பதால் எளிதில் இடியவும் இல்லை. கீற்றுக் கொட்டகையாக இருந்த டூரிங் டாக்கீஸில் கூட கேபின் மட்டும் செங்கல்லில் நிற்கும்.

ஏன் இவ்வளவு கெட்டியாக? 1950-களின் தொடக்கம் வரை ஃபிலிம் என்பது நைட்ரேட். ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் அணையாது, எரிய வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. கார்பன் விளக்கின் அனலுக்கு முன்னால் அந்த ஃபிலிம் நாள் முழுக்க ஓடியது. அதனால்தான் கேபினுக்குத் தனிக் கதவு, ஹாலுக்குள் வராமல் வெளியே இறங்கும் தனிப் படிக்கட்டு, கான்கிரீட் கூரை எல்லாம்.

இப்போது ஹாலைப் பார்த்த சுவருக்கு வாருங்கள். துளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு புரொஜக்டருக்கும் இரண்டு துளை, ஒன்று ஒளி போக, இன்னொன்று ஆபரேட்டர் எட்டிப் பார்க்க. இரண்டு மெஷின் என்றால் நான்கு. கூடவே ஓரத்தில் இன்னொரு துளை இருந்தால் அது விளம்பர ஸ்லைடு போட. இரண்டு மெஷின் எதற்கென்றால், 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிடம்தான் ஓடும், 2,000 அடியாகச் சேர்த்து ஒட்டினால் 22 நிமிடம். 15,000 அடிப் படத்தை நிறுத்தாமல் ஓட்ட ஒன்று முடியும் நொடியில் அடுத்ததைத் தொடங்க வேண்டும். அந்த மாற்றத்துக்காகத்தான் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும்.

துளைகளின் மேலே பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு இரும்புத் தகடு, இருபக்கமும் தண்டவாளம் போல ஒரு காடி, தகட்டிலிருந்து ஒரு சங்கிலி அல்லது கம்பி மேலே போய், கப்பி வழியாகக் கதவருகே வரும். தீப்பிடித்தால் கம்பியை விட்டால் போதும், எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் விழுந்து துளைகளை மூடிவிடும், புகையும் நெருப்பும் ஹாலுக்குள் போகாது, சனம் பதறி ஓடாது. தகடு இல்லாவிட்டாலும் காடி சுவரில் இருக்கும். காடியில் விரல் வைத்துப் பார்த்தால் பெயின்ட் அடுக்குகளுக்குள் பழைய கிரீஸ் ஒட்டும். இது முழுதாக இருக்கும் தியேட்டர்கள் குறைந்துகொண்டே வருகின்றன, ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நெருக்கத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

துளைகள் ஒரே மட்டத்தில் இல்லாமல், பழையது அடைக்கப்பட்டுப் புதியது மேலேயோ கீழேயோ போடப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் ஹாலில் இருக்கிறது. திரை நகர்ந்திருக்கும், அல்லது பால்கனி பின்னால் கட்டப்பட்டு ஒளியை மறைத்திருக்கும். நாலைந்து சின்னத் துளைகளும் அடைக்கப்பட்டு நடுவில் ஒரே பெரிய கண்ணாடி இருந்தால் அது டிஜிட்டல் வந்த பிறகு செய்தது.

கூரையைத் துளைத்து மேலே போகும் தகரக் குழாய், கார்பன் புகை போக வைத்தது. செனான் விளக்குக்கும் காற்றுக்குழாய் உண்டு, ஆனால் கார்பன் காலத்துக் குழாயைச் சுற்றிக் கூரையில் கரி படிந்திருக்கும். நம் ஊர்களில் 1980-களிலும் கார்பன் எரித்த தியேட்டர்கள் உண்டு என்பதால், அந்தக் குழாயைப் பார்த்ததும் ரொம்பப் பழசு என்று நினைக்க வேண்டாம். மெஷினில் போட்டோபோன், வெஸ்ட்ரெக்ஸ், சிம்ப்ளெக்ஸ் என்று கம்பெனித் தகடு இருக்கும், தொடர் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ஊர்த் தியேட்டர் புது மெஷின் வாங்கும்போது பழையது சின்ன ஊருக்குக் கைமாறும், எனவே மெஷின் கட்டடத்தை விட மூத்ததாக இருக்கலாம். அப்புறம் சுவர். ஆபரேட்டர்கள் பென்சிலில் எழுதிய ரீல் நேரங்கள், கார்பன் வாங்கிய தேதி, படத்தின் பெயர், யாரோ ஒருவரின் கையெழுத்து. வெள்ளையடிப்பதற்குள் ஒன்று விடாமல் எடுத்து வையுங்கள். தனி ஆட்களின் போன் எண் இருந்தால் வெளியிடும்போது மறைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை மூன்று. செனான் பல்பு அணைந்து குளிர்ந்திருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும், தட்டினால் வெடிக்கும், தொடாதீர்கள். கார்பனுக்கு நேர்மின்சாரம் கொடுக்கப் பழைய கேபின்களில் பெரிய கண்ணாடிக் குடுவை வைத்த ரெக்டிஃபையர் இருந்தது, அதற்குள் பாதரசம், அதையும் தொடாதீர்கள். டப்பாவில் பிசுபிசுப்பாகவோ பழுப்புப் பொடியாகவோ ஃபிலிம் கிடந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம், பக்கத்தில் பீடி தீக்குச்சி எதுவும் கூடாது, வெயிலில் கொண்டு போய் வைக்கவும் கூடாது. வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடித்தால் அது பிற்கால அசிடேட் ஃபிலிம், அது அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் அழிந்துகொண்டிருக்கிறது. எதுவானாலும் புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

திரைக்குப் பின்னால்

ஹாலுக்குள் வந்ததும் நேராகத் திரைக்குப் பின்னால் போங்கள். இப்போதிருக்கும் அகலத் திரைக்குப் பின்னால் பல தியேட்டர்களில் பழைய மேடை வளைவு அப்படியே நிற்கிறது, தாமரையும் மயிலும் குத்துவிளக்குமாகச் சுதை வேலைப்பாட்டோடு, தூசி மட்டும் படிந்து.

அந்த வளைவின் திறப்பை அளந்து அகலத்தை உயரத்தால் வகுங்கள். 1.4-ஐ ஒட்டி வந்தால் அது சினிமாஸ்கோப் எனும் அகலப் படத்துக்கு முந்தைய சதுரமான படத்துக்காகக் கட்டியது. பழைய படத்தின் விகிதம் 1.37, ஸ்கோப் 2.35. அதாவது 15 அடி உயரத்துக்குப் பழைய படம் சுமார் 20 அடி அகலம், ஸ்கோப் 35 அடி. வளைவுக்குள் 35 அடி நுழையாது, அதனால் திரையை வளைவுக்கு முன்னால் இழுத்துக் கட்டினார்கள், முன்வரிசை இரண்டு மூன்றை எடுத்தார்கள், அல்லது வளைவையே வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் சுதைப் பூவின் பாதி மட்டும் மிஞ்சியிருக்கும். ஹாலிவுட்டில் ஸ்கோப் படம் 1953-இல் வந்தது, தமிழில் முதல் ஸ்கோப் படம் ராஜராஜ சோழன் வந்தது 1973-இல். ஆங்கிலப் படம் ஓட்டிய நகரத் தியேட்டர் முன்னாடியே மாறியிருக்கும், தமிழ்ப் படம் மட்டும் ஓட்டிய ஊர்த் தியேட்டருக்கு 1970-கள் வரை அவசரமே இல்லை.

மேடை எவ்வளவு ஆழம் என்றும் பாருங்கள். ஸ்பீக்கர் வைக்க நாலைந்து அடி போதும். அதற்கு மேல் இருபது அடி ஆழமும், இருபக்கமும் சின்ன அறைகளும், பின்னால் தனிக் கதவும் இருந்தால் அங்கே நாடகக் கம்பெனிகள் ஆடியிருக்கின்றன, அந்த அறைகள் வேஷம் கட்டிய இடங்கள். பேசும் படம் 1931-இல் வந்த பிறகும் பல தியேட்டர்கள் படமும் நாடகமும் மாற்றி மாற்றி நடத்தின. மேடைத் தரையின் பலகைகளில் கொக்கி, துளை, திரை இழுத்த கப்பி ஏதாவது இருக்கிறதா என்று மேலேயும் பாருங்கள்.

யார் எந்த வழியாக வந்தார்கள்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதுதான். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று வகுப்பு பிரித்த தியேட்டரில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கவுண்டர், தனி நுழைவு, தனிக் கதவு. தரை டிக்கெட்டுக்கான வரிசை ஒரு ஆள் மட்டும் நுழையும் அகலத்தில் இரும்புக் குழாயோ சுவரோ வைத்த கூண்டாக, வளாகத்தின் ஓரத்தில், வெயிலிலும் இருட்டிலும் நீண்டு போகும். பால்கனிப் படிக்கட்டு மட்டும் போர்ட்டிகோவிலிருந்தே மொசைக் தரையும் பித்தளைக் கைப்பிடியுமாக அகலமாக ஏறும். ஒரே கூரைக்குக் கீழே ஒரே படத்தைப் பார்த்தவர்கள், வாசலில் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வந்து போகும்படி கட்டப்பட்ட கட்டடம் இது. பெண்களுக்குத் தனி வரிசை, தனிக் கவுண்டர், பல தியேட்டர்களில் ஹாலிலேயே தனிப் பகுதி.

எனவே ஒவ்வொரு கவுண்டர் ஜன்னலின் உயரம், திறப்பின் அளவு, கூண்டின் அகலம் நீளம் எல்லாவற்றையும் அளந்து வரைபடத்தில் போடுங்கள். கை மட்டும் நுழையும் திறப்பும் முகம் பார்த்துப் பேசும் திறப்பும் வேறு வேறு. கழிப்பறைகள் எந்த வகுப்புக்கு எங்கே இருந்தன, பெண்களுக்கு இருந்ததா என்று பாருங்கள். தரை டிக்கெட் பகுதியின் தளம் மண்ணா, சிமென்டா, சரிவு எங்கே தொடங்குகிறது என்று குறியுங்கள். பால்கனியைத் தாங்கும் தூண்கள் ஹாலின் நடுவில் நின்றால், அதற்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குத் திரையில் எவ்வளவு மறைந்தது என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள்.

வரைபடத்தைப் பொறுத்தவரை மேலிருந்து பார்க்கும் படத்தை விட, கட்டடத்தை நீளவாக்கில் வெட்டியது போன்ற பக்கவாட்டுப் படம்தான் முக்கியம். கேபின் துளை, பால்கனி, தரைச் சரிவு, திரை நான்கும் ஒரே கோட்டில் எப்படிப் பொருந்துகின்றன என்பது அதில்தான் தெரியும்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாக. இரும்பு உத்திரத்தின் பக்கவாட்டில் டார்மன் லாங் என்றோ டாட்டா என்றோ புடைப்பெழுத்து இருக்கும், இங்கிலாந்து இரும்பா ஜாம்ஷெட்பூர் இரும்பா என்று தெரிந்துவிடும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் (டிரஸ்) ரிவிட் அடித்தது, வெல்டிங் செய்ததை விடப் பொதுவாக மூத்தது. மங்களூர் ஓட்டில் 1865, 1868 என்று வருடம் பார்த்துத் துள்ளாதீர்கள், அது ஓட்டுக் கம்பெனி தொடங்கிய வருடம். ஓடு பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் கழித்து வந்திருக்கும்.

தியேட்டர் ஏற்கெனவே கல்யாண மண்டபமாகவோ குடோனாகவோ மாறியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பக்கச் சுவரில் சம இடைவெளியில் வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், முன்பக்கம் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கேபின், தரையைச் சமப்படுத்தியதால் ஒரு பக்கம் மட்டும் பாதி புதைந்த கதவுகள் என்று தடயம் இருக்கும். சென்னை அண்ணா சாலையில் 1913-இல் வார்விக் மேஜர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டே வருடத்தில் மூடப்பட்டு அஞ்சல் துறைக்குப் போனது, அந்தக் கட்டடம் இன்றும் நிற்பதற்குக் காரணமே அந்த மாற்றம்தான். கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1910-களில் கட்டிய வெரைட்டி ஹால், ஒரு சாலையின் பெயராகவே ஊரில் தங்கிவிட்டது. தெருப் பெயர், பஸ் ஸ்டாப் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

தியேட்டரைப் போல அரசாங்கக் கோப்பில் இடம்பிடித்த தனியார் கட்டடம் குறைவு. 1955-ஆம் வருடச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957 விதிகளும் வந்த பிறகு ஒவ்வொரு தியேட்டருக்கும் 'சி' படிவ உரிமம் வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், சென்னையில் போலீஸ் கமிஷனர் கொடுப்பார். அதற்குக் கட்டட வரைபடம், பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று எல்லாம் வேண்டும். அதனால் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு தடித்த கோப்பு இருக்க வாய்ப்பு உண்டு, முதலாளி வீட்டிலும் நகல் இருக்கும். முதலில் வீட்டில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். "எல்லா விவரமும் தாருங்கள்" என்று எழுதினால் ஒன்றும் வராது. முதல் உரிமத்தின் தேதி, இருக்கை எண்ணிக்கை, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

நிலத்தின் கதை சார்பதிவாளர் அலுவலகத்தில். சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்று எடுக்கலாம், பழைய வருடங்களுக்கு நேரில்தான் அலைய வேண்டும். 1955-க்கு முந்தைய அரசாணைகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பத்திரிகைகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தினமணி 1934-லிருந்து, தினத்தந்தி 1942-லிருந்து வருகின்றன. படம் வெளியாகும் நாளில் விளம்பரத்தின் அடியில் ஊர் வாரியாகத் தியேட்டர் பெயர் போட்டிருப்பார்கள். தீபாவளி, பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு நாட்களை ஒட்டிய இதழ்களை முதலில் பாருங்கள்.

தியேட்டர் ஆபீஸ் அலமாரியிலேயே பொக்கிஷம் இருக்கும். டி.சி.ஆர். எனும் தினசரி வசூல் கணக்கில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை டிக்கெட் என்று இருக்கும், ஒரு வகுப்பு எப்போது காணாமல் போனது என்று அதில் கண்டுபிடிக்கலாம். சுவரில் மாட்டிய நூறாவது நாள் கேடயங்களின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

வருடத்தைக் கேட்காதீர்கள், படத்தைக் கேளுங்கள். "பால்கனி எந்த வருஷம் கட்டினாங்க?" என்றால் "அது ஆச்சு ரொம்ப வருஷம்" என்பார்கள். "பால்கனி கட்டினப்போ என்ன படம் ஓடுச்சு, கட்டினதுக்கு அப்புறம் முதல் படம் என்ன?" என்றால் பளிச்சென்று வரும். பிறகு நீங்கள் படத்தின் வருடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் ஊர் ஏ சென்டரா (படம் முதலில் வரும் பெரிய நகரம்), பி சென்டரா, சி சென்டரா (கடைசியில் வரும் சின்ன ஊர்) என்று மறக்க வேண்டாம். பிரிண்ட் குறைவாக இருந்த காலத்தில் படம் சி சென்டருக்கு வர மாதக்கணக்காகும், சில நேரம் வருடமே ஆகும், பழைய படங்கள் திரும்பத் திரும்பவும் வரும். அதனால் படத்தின் வருடம் என்பது "அதற்கு முன்னால் இல்லை" என்று மட்டும்தான் சொல்லும்.

முதலாளி குடும்பத்தை விட ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்டு போட்டவர், கேன்டீன்காரர், போஸ்டர் ஒட்டியவர் ஆகியோரிடம் முதலில் பேசுங்கள். முடிந்தால் கட்டடத்துக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவதற்கும் கேபினில் நின்று பேசுவதற்கும் ஏகப்பட்ட வித்தியாசம், கை தானாகவே ஸ்விட்ச் இருந்த இடத்துக்குப் போகும். தரை டிக்கெட்டில் படம் பார்த்த பெண்களிடம் பேசப் பெண் ஒருவர் கூட வந்தால் நல்லது, பெண்கள் பகுதி எப்படி இருந்தது என்பது வேறு எந்தக் கோப்பிலும் இல்லை.

"ஆசியாவிலேயே பெரிய தியேட்டர்" என்ற பேச்சு நிறைய ஊரில் கிடைக்கும். மதுரை தங்கம் தியேட்டர் 1952-இல் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு திறந்தபோது அந்தப் பேச்சுக்கு ஒரு அடிப்படை இருந்தது. உங்கள் ஊர்த் தியேட்டரைப் பற்றி அப்படிச் சொன்னால் உரிமத்தில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதுங்கள், ஊர்ப் பேச்சை ஊர்ப் பேச்சு என்றே எழுதுங்கள்.

எழுதும்போது

ஒவ்வொரு தகவலும் மூன்றில் எது என்று குறித்துவிடுங்கள்: கட்டடத்தில் பார்த்தது, காகிதத்தில் படித்தது, ஆள் சொன்னது. இரண்டு ஒத்துப்போனால் தைரியமாக எழுதலாம். மோதினால் இரண்டையும் எழுதுங்கள், நீங்களாகத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். உரிமத்தில் 1958 என்றும் ஆபரேட்டர் அதற்குப் பத்து வருடம் முன்னாடியே படம் பார்த்ததாகவும் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, முன்பு கீற்றுக் கொட்டகையாக இருந்து பிறகு நிரந்தரக் கட்டடத்துக்கு உரிமம் வாங்கியிருக்கலாம். அதற்கான தடயத்தைத் தேடிக்கொண்டு மறுபடி கட்டடத்துக்குப் போங்கள், கேபினின் செங்கல்லும் ஹாலின் செங்கல்லும் ஒரே அளவா என்று பாருங்கள்.

கட்டுரையை வருட வரிசையில் தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. கேபின், திரை, கவுண்டர் என்று இடம் இடமாக எழுதி, ஒவ்வொரு இடத்திலும் அது எப்போது ஏன் மாறியது என்று சொன்னால், அந்தத் தியேட்டரைப் பார்க்காதவரும் உள்ளே நடந்து வருவார். போட்டோக்களுக்குத் தேதி, எடுத்த திசை, எந்தச் சுவர் என்று பெயரிலேயே எழுதுங்கள், பத்து வருடம் கழித்து வெற்றுச் சுவரின் படம் எதைக் காட்டுகிறது என்று உங்களுக்கே தெரியாது.

முடித்ததும் அச்செடுத்து முதல் பிரதியை முதலாளி குடும்பத்துக்கும், இரண்டாவதை உங்களோடு கேபினுக்கு ஏறி வந்த ஆபரேட்டருக்கும் கொடுங்கள். அவர்கள் படித்துவிட்டுத் திருத்தம் சொல்வார்கள், வீட்டில் கிடந்த இன்னொரு போட்டோவை எடுத்து வருவார்கள். அதையும் சேர்த்த பிறகு ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒன்று, கட்டடத்தின் அளவுகளும் வரைபடமும் அடங்கிய முழுத் தொகுப்பு ஒரு ஆய்வு நூலகத்துக்கு ஒன்று.